அமெரிக்கப் பள்ளியில் குடியேற்றப் பாடம் நடத்தப்போகும் புதிய ஆசிரியர்களுக்கு

மதுரையில் ஒன்பது வருடம் வரலாறு நடத்திவிட்டு நியூ ஜெர்சிக்கு வந்தவள் நான். இங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே குடியேற்றம், நகர வளர்ச்சி, மேற்கு நோக்கிய விரிவாக்கம் என்ற மூன்றும் சேர்ந்த அலகை என்னிடம் கொடுத்தார்கள். 1862 முதல் 1924 வரை. ஊரில் செய்தபடியே செய்தேன். மூன்றையும் மூன்று அத்தியாயமாகப் பிரித்து, போர்டில் குறிப்பு எழுதிப் போட்டு, வருடங்களைப் படித்துவரச் சொன்னேன். தேர்வில் 1882-இல் சீனர்களைத் தடுக்கும் சட்டம் ஏன் வந்தது என்று கேட்டிருந்தேன். எல்லிஸ் தீவில் கூட்டம் தாங்கவில்லை, அதனால்தான் என்று பலர் எழுதியிருந்தார்கள். நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளைச் சோதித்த எல்லிஸ் தீவு நிலையம் திறந்ததே 1892-இல்தான். அதுவும் இருப்பது சீனர்கள் வந்திறங்கிய மேற்குக் கரையில் இல்லை, கிழக்குக் கரையில். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. ஒன்றோடொன்று பின்னிக் கிடந்த விஷயங்களைத் தனித்தனியாக வெட்டிக் கொடுத்தது நான்.

அதற்குப் பிறகு நான்கு முறை இதே அலகை நடத்திவிட்டேன். நம் ஊர்களில் பாடம் எடுத்த அனுபவத்தோடு இங்கே வந்து, இந்த அலகு கையில் விழுந்து திகைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆசிரியர் உரிமம் வாங்கும் வழி இதில் இல்லை, அது தனியாக எழுத வேண்டியது. பாடத்திட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். உங்கள் மாநிலத்தின் சமூக அறிவியல் தர வரையறையை முதலில் ஒருமுறை படித்துவிடுங்கள். நியூ ஜெர்சியில் ஆசிய அமெரிக்கர் வரலாற்றைக் கற்பிக்க வேண்டும் என்று 2022 ஜனவரியில் சட்டமே கையெழுத்தானது. இலினாய் அதற்கு முந்தைய வருடமே செய்துவிட்டது.

1. முதலில் நாட்களை எண்ணுங்கள்

அட்டவணையில் 12 நாள் என்று போட்டிருந்தால் உங்களுக்குக் கிடைப்பது 10 நாள்தான். எங்கள் பள்ளியில் ஒரு பீரியட் 42 நிமிடம். வருகைப் பதிவு, தாள் கொடுப்பது, தாள் வாங்குவது எல்லாம் போனால் 34 நிமிடம் மிஞ்சும். இந்த மாநிலத்தில் மாதம் ஒரு தீயணைப்பு ஒத்திகையும் ஒரு பாதுகாப்பு ஒத்திகையும் கட்டாயம். இரண்டில் ஒன்று உங்கள் வகுப்பு நேரத்தில் வந்தே தீரும். இந்த அலகு நவம்பரில் விழுந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஆசிரியர் மாநாட்டுக்காக ஒரு வியாழன், வெள்ளி போய்விடும். மாதக் கடைசியில் நன்றி நவிலும் நாள் விடுமுறை.

நாள் எண்ணும் அதே மாலையில் இன்னொன்றையும் செய்துவிடுங்கள். வகுப்பில் யார் யாருக்கு ஐஇபி (சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளைக்கான தனித் திட்டம்), 504 திட்டம் (இயலாமை உள்ள பிள்ளைக்கு வகுப்பில் செய்து தர வேண்டிய வசதிகள்) இருக்கிறது, ஆங்கிலம் புதிதாகக் கற்பவர்கள் எத்தனை பேர் என்று பார்த்து, அந்தக் கோப்புகளை முழுக்கப் படியுங்கள். நம் ஊரில் இப்படி ஒரு வழக்கம் இல்லாததால் நான் அதை ஆலோசனைக் குறிப்பு என்று நினைத்துவிட்டேன். ஐஇபி என்பது சட்டப்படி கட்டுப்படுத்தும் ஆவணம். கூடுதல் நேரம் தர வேண்டும் என்று அதில் இருந்தால் தர வேண்டும், ஆசிரியர் விருப்பம் என்ற பேச்சே இல்லை.

2. மூன்று தலைப்பையும் ஒரே கேள்வியில் கட்டுங்கள்

நான் வைத்துக்கொண்ட கேள்வி இது: 1850-இல் சுமார் 30,000 பேர் இருந்த சிகாகோ, 1890-இல் எப்படி 11 லட்சம் பேர் வாழும் நகரமானது?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போனால் எல்லாமே வழியில் வந்துவிடும். நகரம் எழுந்த நிலம் பொட்டவாட்டமி என்ற பழங்குடி மக்களுடையது, 1795 முதல் 1833 வரை நடந்த ஒப்பந்தங்களில் கைமாறியது. 1862-இன் ஹோம்ஸ்டெட் சட்டம் 160 ஏக்கர் நிலத்தை, சுமார் 18 டாலர் கட்டணத்துக்கு, ஐந்து வருடம் குடியிருந்து பயிர் செய்தால் தருவதாகச் சொன்னது. அந்த நிலத்தில் விளைந்த கோதுமை ரயிலில் சிகாகோவுக்கு வந்தது. மரமே இல்லாத புல்வெளியில் குடியேறியவர் வீடு கட்டப் பலகை வேண்டும். விஸ்கான்சின், மிச்சிகன் காட்டு மரம் ஏரி வழியாகச் சிகாகோவுக்கு வந்து, அங்கிருந்து ரயிலேறி அவரிடம் போனது. மாடுகள் யூனியன் ஸ்டாக் யார்ட்ஸ் என்ற பெரிய கால்நடைச் சந்தைக்கு வந்தன, 1865-இல் திறந்தது அது. வெட்டவும் கட்டவும் ஏற்றவும் ஆள் வேண்டும். ஜெர்மனியிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும், பிறகு போலந்து, பொஹீமியாப் பகுதிகளிலிருந்தும் வந்தார்கள். 1890-இல் அந்த நகரத்தில் பத்துப் பேரில் நான்கு பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள்.

இதற்குள் ஒரு நுணுக்கம் இருக்கிறது, அதை விடாதீர்கள். ஹோம்ஸ்டெட் நிலம் கேட்கக் குடிமகனாக இருக்க வேண்டும், அல்லது குடிமகனாகப்போவதாக அறிவித்திருக்க வேண்டும். ஐரோப்பாவிலிருந்து வந்தவர் வந்த வேகத்தில் அறிவித்துவிட்டு நிலம் கேட்கலாம். குடியுரிமைச் சட்டமோ 1790-இலிருந்து வெள்ளையருக்கு மட்டும், 1870-க்குப் பிறகு ஆப்பிரிக்க வழியினருக்கும் என்று இருந்தது. சியெரா நெவாடா மலையைக் குடைந்து ரயில்பாதை போட்ட சீனத் தொழிலாளர்கள் பத்தாயிரத்துக்கும் மேல். 1869-இல் அந்தப் பாதை முடிந்தது. அது திறந்துவிட்ட இலவச நிலத்தில் அவர்களால் பங்கு கேட்க முடியாது. நிலம், ரயில், குடியுரிமை மூன்றும் ஒரே முடிச்சு என்பது இந்த இடத்தில்தான் பிள்ளைகளுக்குப் பிடிபடுகிறது.

உங்கள் பள்ளி வேறு ஊரில் இருந்தால் அந்த ஊரையே எடுங்கள். பிட்ஸ்பர்க்கோ பேட்டர்சனோ ஒக்லாந்தோ, கேள்வியின் உருவம் மாறாது.

3. ஆவணங்கள்: ஐந்து போதும், ஆனால் சரியான ஐந்து

எல்லாமே இலவசமாகக் கிடைக்கின்றன. தேசிய ஆவணக் காப்பகம், காங்கிரஸ் நூலகம் இரண்டின் இணையதளங்களிலும் ஆசிரியர்களுக்குத் தனிப் பகுதி உண்டு. எல்லிஸ் தீவு பயணிகள் பட்டியலைத் தேட இலவசக் கணக்கு ஒன்று திறந்தால் போதும். ஒரு ஆவணத்தைத் தேடித் தயார் செய்ய இரண்டு மணி நேரம் வையுங்கள்.

கப்பல் பயணிகள் பட்டியல். 1907-க்குப் பிந்தைய பட்டியலை எடுங்கள், 29 கேள்விகள் இருக்கும். ஒரு பயணிக்கான வரி இரண்டு பக்கத்துக்கு நீளும். இணையத்தில் இடப்பக்கம் ஒரு படம், வலப்பக்கம் அடுத்த படம். முதல் வருடம் நான் இடப்பக்கத்தை மட்டும் அச்செடுத்தேன். பெயர், வயது, தொழில், ஊர் அதில் இருந்தன. டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்தது யார், கையில் எவ்வளவு பணம், அமெரிக்காவில் யாரிடம் போகிறார், அவர் முகவரி என்ன என்பதெல்லாம் வலப்பக்கத்தில். அண்ணன் டிக்கெட் அனுப்பித் தம்பி வந்தான், தம்பி மச்சானை அழைத்தான் என்ற சங்கிலி அந்தப் பக்கத்தில்தான் தெரியும். இரண்டையும் ஒட்டி நீளத் தாளாகக் கொடுங்கள்.

சென்சஸ் தாள். 1900 அல்லது 1910. இரண்டிலும் எந்த வருடம் வந்தார் என்ற கட்டம் உண்டு. 1890-ஐத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். 1921-இல் வாஷிங்டனில் ஏற்பட்ட தீயில் அது சேதமாகி, பிற்பாடு கிட்டத்தட்ட முழுவதும் அழிந்துவிட்டது. நான் ஒரு மாலை முழுவதும் தேடிய பிறகே இது தெரிந்தது. 1900, 1910 தாள்களில் பெண்களுக்கு மட்டும் இரண்டு கட்டங்கள் இருக்கின்றன: எத்தனை குழந்தை பெற்றாய், எத்தனை உயிரோடு இருக்கிறது. நான் எதுவும் சொல்லாமல் தாளைக் கொடுத்துவிட்டு நிற்பேன். யாராவது ஒரு பிள்ளை 7 என்றும் 4 என்றும் எழுதியிருக்கிற வரியைக் கண்டுபிடிக்கும். வகுப்பு அமைதியாகிவிடும். தண்ணீர், கழிவறை, காற்று வராத அறை, 1901-இல் நியூயார்க்கில் வந்த குடியிருப்புச் சட்டம், அது ஏன் ஒவ்வொரு அறைக்கும் வெளிக்காற்று வரும் ஜன்னல் கேட்டது என்பதற்கெல்லாம் வேறு முன்னுரை தேவைப்படாது.

சான்போர்ன் வரைபடம். தீக்காப்பீட்டுக் கம்பெனிகளுக்காகத் தெருத்தெருவாக வரைந்தவை. செங்கல் கட்டடம் இளஞ்சிவப்பு, மரக் கட்டடம் மஞ்சள், கல் நீலம். டி என்ற எழுத்து வீடு, எஸ் கடை. மாடி எண்ணிக்கையும் இருக்கும். ஒரே தெருவுக்கு இருபது வருட இடைவெளியில் இரண்டு வரைபடம் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பள்ளி ஜெராக்ஸ் மிஷினில் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் நிறமெல்லாம் போய் வெறும் கோடுதான் மிஞ்சும். இதற்கு மட்டும் கடையில் வண்ணப் பிரதி எடுத்துவிடுங்கள்.

ஏஞ்சல் தீவுச் சுவர்க் கவிதை ஒன்றின் மொழிபெயர்ப்பு. 1910 முதல் 1940 வரை சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் இருந்த நிலையம் அது. எல்லிஸ் தீவில் பெரும்பாலானோர் சில மணி நேரத்தில் வெளியே வந்தார்கள், திருப்பி அனுப்பப்பட்டோர் சுமார் 2 சதவீதம். ஏஞ்சல் தீவிலோ வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அடைத்து வைத்தார்கள். உன் ஊரில் எத்தனை வீடு, உன் வீட்டுக்கு எத்தனை படி என்று துருவித் துருவிக் கேட்டார்கள். அங்கே காத்துக்கிடந்த சீனர்கள் மரச்சுவரில் கவிதை செதுக்கினார்கள்.

ஐந்தாவது, ஒரு நில ஆவணம். நிலப்பட்டாக்களை அரசின் நிலப் பதிவுத் தளத்தில் பெயரும் மாநிலமும் கொடுத்துத் தேடலாம். அதோடு, பழங்குடிகளின் பொது நிலத்தைத் தனித்தனித் துண்டுகளாகப் பிரித்த 1887-இன் டாஸ் சட்டத்தின் ஒரு பத்தியையும் வையுங்கள்.

எல்லா ஆவணத்துக்கும் பொதுவான ஒரு தடை கையெழுத்து. இங்குள்ள பிள்ளைகள் பலருக்கு எழுத்துகளைச் சேர்த்து எழுதும் ஆங்கிலக் கையெழுத்து (கர்சிவ்) படிக்க வராது. பழைய சென்சஸ் தாளைப் பார்த்ததும் வேறு மொழி என்றே நினைக்கிறார்கள். பத்து வரியை நீங்களே தட்டச்சு செய்து மூலத்தோடு சேர்த்துக் கொடுங்கள்.

4. நாள்வாரியாக எப்படிப் பிரித்தேன்

முதல் நாள் சிகாகோ கேள்வி, மக்கள்தொகை எண்கள், யூகங்கள். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் நிலம். இந்த இரண்டையும் சுருக்காதீர்கள். மேற்கு வெற்று நிலம் என்ற எண்ணத்தைப் பாடப்புத்தக வரைபடங்களே உண்டாக்கிவிடுகின்றன. டாஸ் சட்டம் வந்தபோது பழங்குடி மக்களிடம் சுமார் 13.8 கோடி ஏக்கர் இருந்தது. 1934-இல் மிஞ்சியது 4.8 கோடி. ஹோம்ஸ்டெட் எண்ணைச் சொல்லும் அதே நாளில் இந்த எண்ணையும் சொல்லுங்கள்.

நான்காம் நாள் ரயிலும் 1882 சட்டமும். ஐந்தாம் நாள் ஏஞ்சல் தீவு. அதன் பிறகே, ஆறாம் நாள், எல்லிஸ் தீவு. புத்தகத்தில் வரிசை தலைகீழாக இருக்கும். ஆனால் தடை முதலில் வந்தது, புகழ்பெற்ற வாசல் பிறகு வந்தது. இப்படி மாற்றியதிலிருந்து முதலில் சொன்ன அந்தத் தவறான விடை எனக்கு வரவே இல்லை.

ஏழாம் நாளும் எட்டாம் நாளும் சென்சஸ் தாள், வரைபடம், வீடுகள். சிகாகோவில் 1893-இல் வீடு வீடாகக் கேட்டுத் திரட்டிய தகவலை வைத்து, எந்த நாட்டவர், வாரக்கூலி எவ்வளவு என்று வண்ணமிட்டு, குடியேறிகளிடையே வேலை செய்த ஹல் ஹவுஸ் என்ற சேவை இல்லத்தார் 1895-இல் வெளியிட்ட வரைபடங்கள் இருக்கின்றன. நேரம் இருந்தால் கட்டாயம் காட்டுங்கள். ஒன்பதாம் நாள் 1917, 1923, 1924. இந்தியா உட்பட ஆசியாவின் பெரும்பகுதிக்கு 1917-இல் கதவு மூடியது. 1923-இல் பகத் சிங் திந்த் வழக்கில், இந்தியர் குடியுரிமை பெறத் தகுந்த வெள்ளையர் அல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1924-இல் நாட்டுவாரியாக ஒதுக்கீடு வைத்த சட்டம் வந்தது. 1946-இல் வருடத்துக்கு 100 இந்தியர் என்று ஒரு சிறு கதவு, 1965-இல்தான் பெரிய கதவு. நீங்களும் நானும் இந்த வகுப்பறையில் நிற்பதற்கே அந்த 1965 சட்டம்தான் காரணம் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். பத்தாம் நாள் எழுத்து.

5. எண்களில் உள்ள பொறி

நியூயார்க் 1890-இல் 15 லட்சம், 1900-இல் 34 லட்சம் என்று பட்டியலைக் காட்டி, பாருங்கள், குடியேறிகள் வந்து நகரம் இரண்டு மடங்கானது என்று சொல்லிவிடாதீர்கள். 1898 ஜனவரி 1-இல் புரூக்ளின், குயின்ஸ் முதலியவற்றை நியூயார்க்கோடு இணைத்தார்கள். புரூக்ளின் மட்டுமே 1890-இல் 8 லட்சம் பேர் வாழ்ந்த தனி நகரம். சிகாகோவும் 1889-இல் சுற்றுப்பகுதிகளைச் சேர்த்துக்கொண்டு சுமார் 125 சதுர மைல் பெருத்தது. நான் இதைத் தெரியாமல் ஒரு வருடம் முழுவதும் தவறாக நடத்தினேன். இப்போது இதையே கேள்வியாக வைக்கிறேன்: இதில் வந்தவர்கள் எத்தனை, எல்லைக்கோடு நகர்ந்ததால் கூடியவர்கள் எத்தனை?

6. குடும்பக் கதையை வீட்டுப்பாடமாகக் கேட்காதீர்கள்

எல்லோரும் கொடுக்கும் வீட்டுப்பாடம் இது: உன் குடும்பம் எப்போது, எப்படி இந்த நாட்டுக்கு வந்தது என்று எழுதி வா. நானும் கொடுத்தேன். ஒரு மாணவி மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை. காரணத்தை யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த வீட்டுப்பாடத்தை அன்றோடு நிறுத்தினேன்.

வகுப்பில் குடியேற்றக் காகிதம் இல்லாத பெற்றோரின் பிள்ளை இருக்கலாம். தத்தெடுக்கப்பட்ட பிள்ளை இருக்கலாம். அடிமைகளாகப் பிடித்துவரப்பட்டோரின் வழியில் வந்த பிள்ளைக்கு எந்தப் பயணிகள் பட்டியலிலும் பெயர் இருக்காது. இங்கேயே ஆயிரக்கணக்கான வருடம் வாழ்ந்த மக்களின் பிள்ளைக்கு அந்தக் கேள்வியே பொருந்தாது. குடியேற்ற நிலையைக் காரணம் காட்டி எந்தப் பிள்ளைக்கும் பள்ளிக்கல்வியை மறுக்கக் கூடாது என்பது உச்ச நீதிமன்றத்தின் 1982 பிளைலர் தீர்ப்பு. அதை மனதில் வைத்து, நிலையைச் சொல்ல வைக்கும் எந்தக் கேள்வியையும் தாளில் போடாதீர்கள். கப்பல் பட்டியலில் உள்ள ஒருவரைத் தேர்ந்தெடுத்து அவர் பயணத்தை எழுது என்று கொடுங்கள். தன் கதையைச் சொல்ல விரும்பும் பிள்ளை தானே சொல்லும்.

அதே போல, நீ அதிகாரி, நீ குடியேறி என்று பிள்ளைகளைப் பிரித்துச் சோதனை நாடகம் போடுவதையும் தவிருங்கள். கண்ணிமையைத் திருப்பிப் பார்ப்பது, சாக்கட்டியால் மேல்சட்டையில் குறி போடுவது எல்லாம் நடித்துக் காட்டச் சுவாரசியமாகத் தோன்றும். விமான நிலையத்தில் நேற்றுத்தான் அதை அனுபவித்த பிள்ளைக்கு அது நாடகம் இல்லை.

இன்னொன்று: எல்லிஸ் தீவில் அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்று ஒரு மாணவராவது சொல்வார். அதிகாரிகள் புதிதாகப் பெயர் எழுதவில்லை. கப்பல் புறப்பட்ட துறைமுகத்தில் தயாரான பட்டியலை வைத்துச் சரிபார்த்தார்கள். பெயர் மாற்றம் பெரும்பாலும் பிற்பாடு, வேலைக்காகவோ குடியுரிமைக்காகவோ அவர்களே செய்துகொண்டது. தாத்தா சொன்னது பொய் என்று சொல்லாதீர்கள். பட்டியலை எடுத்து இரண்டு பேருமாகப் பாருங்கள்.

7. எல்லிஸ் தீவுக்கு அழைத்துப் போவதென்றால்

ஏப்ரலில் போக வேண்டுமானால் செப்டம்பரிலேயே விண்ணப்பம் எழுதுங்கள். எங்கள் மாவட்டத்தில் வரிசை இப்படி: துறைத் தலைவர், முதல்வர், பிறகு பள்ளி வாரியக் கூட்டத்தில் ஒப்புதல். கூட்டம் மாதம் ஒன்று. ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் ஒரு மாதம் போயிற்று.

தீவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, படகுக்கு உண்டு. நியூ ஜெர்சியிலிருந்து போகிறவர்கள் ஜெர்சி சிட்டியில் லிபர்ட்டி ஸ்டேட் பார்க்கில் படகு ஏறலாம், நியூயார்க்குக்குள் பஸ்ஸை ஓட்ட வேண்டியதில்லை. படகு ஏறுவதற்கு முன் விமான நிலையம் போலச் சோதனை நடக்கும், 80 பிள்ளைகளுக்கு எங்களுக்கு 40 நிமிடம் பிடித்தது. பெரிய செலவு பஸ்தான். பள்ளிப் பஸ்களே மாலையில் பிள்ளைகளை வீட்டில் விடவும் ஓடுவதால், எங்களை 1:45-க்குள் திரும்பச் சொன்னார்கள். அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால் தீவில் கிடைப்பது இரண்டு மணி நேரம். லிபர்ட்டி சிலையையும் சேர்த்துப் பார்க்கலாம் என்று ஆசைப்படாதீர்கள்.

பெர்மிஷன் ஸ்லிப் பெற்றோரின் மொழியிலும் இருக்கட்டும். மருந்து எடுக்கும் பிள்ளைகளின் பட்டியலை நர்ஸிடம் மூன்று வாரம் முன்பே கொடுங்கள். இலவச மதிய உணவு பெறும் பிள்ளைகளுக்குப் பொட்டலச் சாப்பாடு வேண்டும் என்று கேன்டீனில் இரண்டு வாரம் முன்பே சொல்லுங்கள். பணம் கட்ட முடியாதவர்கள் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதைக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். வகுப்பில் கை தூக்கச் சொல்லாதீர்கள்.

8. மதிப்பீடும் செலவும்

50 ஒற்றை வரிக் கேள்வி வேண்டாம். முன்பு பார்க்காத ஒரு சென்சஸ் தாளைக் கொடுத்து, இந்தத் தெருவில் வாழ்ந்தவர்களைப் பற்றி நீ உறுதியாகச் சொல்லக்கூடியது என்ன, எந்தக் கட்டத்தை வைத்துச் சொல்கிறாய் என்று ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண் அளவுகோலைத் தாளோடு சேர்த்தே கொடுங்கள், இங்கே பெற்றோர் முதலில் கேட்பது அதைத்தான். ஆங்கிலம் புதியவர்கள் வாக்கியத் தொடக்கங்களை வைத்துக்கொண்டு எழுதலாம். 90 தாள் திருத்த எனக்கு இரண்டு சனி ஞாயிறு பிடிக்கிறது.

என் கையிலிருந்து முதல் வருடம் போனது 64 டாலர். பெரும்பாலும் வண்ணப் பிரதியும் பிளாஸ்டிக் உறைகளும். உறையில் போட்டு வைத்ததால் அடுத்த வருடம் 11 டாலரோடு முடிந்தது. ரசீதுகளை ஒரு கவரில் போட்டு வையுங்கள். வருமான வரியில் ஆசிரியர் செலவாக ஒரு வரம்பு வரை கழித்துக்கொள்ளலாம், 2025-க்கு அது 300 டாலர். அதற்கு அந்தக் கல்வியாண்டில் குறைந்தது 900 மணி நேரம் பள்ளியில் வேலை பார்த்திருக்க வேண்டும். ஆண்டின் நடுவில் சேர்ந்தவர்கள் மணிக்கணக்கைப் பள்ளி அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.